சுத்தம் செய்யாத ஒலிகள்

"சார், இந்த மாதிரி பின்னு இப்ப எந்த போர்டுலயும் வராது சார்," என்கிறார் கிளமென்ட். சொல்லிவிட்டு என் பழைய ஹார்ட் டிஸ்கைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், கத்திரிக்காயில் ஓட்டை இருக்கிறதா என்று என் மனைவி புனிதா பார்ப்பதைப் போல. "இத கண்ணால பாத்தே பத்து வருசம் இருக்கும். உக்காருங்க சார். பின்னால ஒரு கெழட்டு மெஷின் வெச்சிருக்கேன், அதுல மாட்டிப் பாக்கலாம்." உட்கார்கிறேன். ரிச்சி தெருவின் மாடிக் கம்ப்யூட்டர் கடைகளில் வாடிக்கையாளருக்கென்று ஒரே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்தான் இருக்கும், அதிலும் ஒரு கால் குட்டையாக இருக்கும். மணி பதினொன்றரை. கீழே யாரோ ஒரு வண்டிக்காரரைத் திட்டுகிறார்கள், வண்டிக்காரர் பதிலுக்கு ஹாரன் அடிக்கிறார். மடியில் புது போர்டின் அட்டைப்பெட்டி, காலடியில் துணிப்பைக்குள் இரண்டு புது டிஸ்க், சட்டைப்பையில் நோட்டும் பென்சிலும், அவற்றோடு, கிளம்பும்போது புனிதா திணித்த சின்னக் காகித மடிப்பு. செவ்வாய்க்கிழமை, முருகன் கோயில் விபூதியாக இருக்கும். ஆறு வாரம் ராத்திரி பகல் பார்க்காமல் ஆராய்ந்து, எதற்கு எது சேரும், எதற்கு எது சேராது என்று நோட்டில் நாற்பது பக்கம் எழுதிவிட்டு, கடைசியில் கோட்டை விட்டது பின்னில். புது டிஸ்க் புது போர்டில் சேருமா என்று மட்டுமே பார்த்திருக்கிறேன். இந்தப் பழையது எதில் சேரும் என்று ஒரு வரிகூட இல்லை. நேற்று பரணிலிருந்து இறக்கும்வரை அப்படி ஒன்று இருப்பதே நினைவில்லை. புனிதாவின் குரல் இருக்கிறதென்றால் அதில்தான் இருக்கிறது, வேறு எங்கும் இல்லை.

வீட்டிலேயே ஒரு சர்வர். சொல்லும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. ஒரு பெட்டி, உள்ளே ஒரு போர்டு, இரண்டு டிஸ்க். ஒன்றில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று போனாலும் இன்னொன்றில் இருக்கும். வீட்டின் எந்த மூலையிலிருந்தும் என் பறவைப் பதிவுகளைப் போனில் திறந்து கேட்கலாம். இதைக் கடையில் தயாராகவே விற்கிறார்கள்தான். ஆனால் ரயில்வே பணிமனையில் முப்பத்தைந்து வருஷம் போல்ட்டுக்கு நட்டு பார்த்தவன் தயாராக வாங்கினால் கை சும்மா இருக்குமா. முதலில் ராம் என்கிற நினைவகத் துண்டில் அடிபட்டேன். சர்வரில் போடுகிற ராம்தான் தப்பில்லாமல் எழுதும் என்று படித்துவிட்டு, தேடிப்பிடித்து வாங்கிவந்து போர்டில் வைத்து அழுத்தினேன். டக்கென்று உட்கார்ந்தது. அளவு சரி, பள்ளம் சரி, எல்லாம் சரி, மெஷின் மட்டும் உயிர் பெறவில்லை. அதிலேயே இரண்டு ஜாதி உண்டாம், ஒன்று பெரிய கம்பெனி மெஷின்களோடு மட்டும்தான் பேசுமாம். உட்காரும், ஆனால் பேசாது. புனிதா பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கரகரத்த குரலில், "நம்ம கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு பொருத்தம் பாத்திருக்க மாட்டாங்க," என்றாள். நான் சிரிக்கவில்லை, அடுத்த பக்கம் திருப்பி எழுதினேன். டிஸ்கிலும் அதே கதை. சில டிஸ்குகள் கூரையில் ஓடு வேய்வது மாதிரி ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோட்டை ஏற்றி எழுதும், இடம் மிச்சம், ஆனால் ஜோடி டிஸ்க் செத்து, மாற்று டிஸ்க் போடும்போது மூச்சுத் திணறும். அது வேண்டாம் என்று நோட்டில் அடித்தேன். பிறகு இணையத்தில் ஒருவன் எழுதியிருந்தான், இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காதே, ஒன்றாகப் பிறந்தவை ஒன்றாகவே போகும், வேறு வேறு நாளில் பிறந்ததாக எடு, ஒன்று போன பிறகு மற்றது கொஞ்ச நாள் தாங்கும் என்று. அவன் டிஸ்கைப் பற்றித்தான் எழுதியிருந்தான். எனக்கு அறுபத்து மூன்று, புனிதாவுக்கு ஐம்பத்தெட்டு. நோட்டை மூடிவிட்டுப் போய்க் கொஞ்ச நேரம் பால்கனியில் நின்றேன்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு புனிதாவுக்கு ஆபரேஷன். இன்றைக்கு விட்டால் புதன், வியாழன். வியாழக்கிழமை மதியமே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட வேண்டும். குரல்வளையை எடுத்துவிடுவார்கள். டாக்டரம்மா படம் வரைந்து காட்டினார், கழுத்தில் சின்னதாக ஒரு துவாரம், அதன் வழியாக மூச்சு, ஆறிய பிறகு பேச ஒரு கருவி. "பேச்சு வந்துரும்மா, பயப்படாதீங்க. குரல்தான் வேற மாதிரி இருக்கும்," என்றார். நோய் முழுக்கப் போய்விடும் என்றும் சொன்னார், அதைத்தான் நான் கெட்டியாகப் பிடித்துக்கொள்ள வேண்டும், ஆனால் மனசு அந்த வேற மாதிரியில் போய் மாட்டிக்கொண்டது. திரும்பி வரும்போது ஆட்டோவில் புனிதா என் முழங்காலைத் தட்டினாள். "முப்பத்தி நாலு வருஷமா பேசாத பேசாதன்னீங்க. இனிமே நிம்மதியா ரெக்கார்ட் பண்ணுங்க." கேலிதான். அவள் கேலி செய்தால் இடது புருவம் மட்டும் ஏறும், ஏறியிருந்தது. ஆனாலும் அந்த வாக்கியம் அன்றிலிருந்து உள்ளே ஓடிக்கொண்டே இருக்கிறது, நிறுத்தப் பொத்தான் இல்லை. வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்தேன். பதினோராயிரம் பதிவுகள். ஞாயிறுதோறும் நன்மங்கலம் காடு, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல் என்று மைக்கைத் தூக்கிக்கொண்டு அலைந்து சேர்த்த பறவைக் குரல்கள். எல்லா ஞாயிறும் அவளும் வந்தாள். ஒரு கையில் டீ பிளாஸ்க், இன்னொரு கையில் எலுமிச்சை சாதம். பதினோராயிரத்தில் அவள் ஒன்றில்கூடவா இருக்க மாட்டாள் என்று நான்கு நாள் ஹெட்போனும் கையுமாக உட்கார்ந்தேன். குக்குறுவான் இருந்தது, மாங்குயில் இருந்தது, ஆள்காட்டி இருந்தது, செம்போத்து இருமுவது மாதிரிக் கூப்பிடுவது இருந்தது. அவள் இல்லை.

எப்படி இருப்பாள். நான்தானே எடுத்தேன். பதிவைக் கொண்டுவந்து கம்ப்யூட்டரில் ஏற்றி, அலையாக விரித்துப் பார்த்து, லாரிச் சத்தம், செருப்புச் சத்தம், வளையல் சத்தம், பேச்சு என்று ஒவ்வொன்றாகக் கீறி எடுத்துவிட்டு, பறவையை மட்டும் மிச்சம் வைப்பேன். எனக்கு அதில் பெருமை. பறவை ஆர்வலர் சங்கக் கூட்டத்தில் போட்டுக் காட்டினால், காட்டில் ஆளே இல்லாத மாதிரி இருக்கிறதே, எப்படி சார் என்பார்கள். ஆள் இருந்தாள். எனக்கு இரண்டடி பின்னால் கொசுக்கடியில் நின்றுகொண்டிருந்தாள். சுத்தம் செய்த பிறகு மூலப்பதிவை அழித்துவிடுவேன், இடம் அடைக்கிறதே. எல்லாம் போக வேறு எங்கே அவள் குரல் இருக்கும் என்று தேடினேன். எங்கள் கல்யாணத்துக்கு ஆல்பம் மட்டும்தான். மகள் கல்யாண வீடியோவில் மூன்று மணி நேரமும் சினிமாப் பாட்டை ஏற்றிவைத்திருக்கிறான் வீடியோ எடுத்த புண்ணியவான், சம்பந்தியிடம் அவள் வாய் ஓயாமல் பேசுகிறாள், உதடு தெரிகிறது, கேட்பது டூயட். மகள் போனில் இருப்பதெல்லாம் போன வருஷத்தது, அப்போதே குரல் உடைந்துவிட்டது. உடையாத குரல் எப்படி இருந்தது? இதை எழுதினால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு மறந்துவிட்டது. ஆறுமணிக்குருவி இரண்டு தட்டில் கூப்பிடுவதை வாயாலேயே செய்து காட்டுவேன், பெண்டாட்டியின் குரலை மனசுக்குள் வரவழைக்க முடியவில்லை. கண்ணை மூடினால் இந்தக் கரகரப்புதான் வருகிறது. நேற்று அப்படி மூடிக்கொண்டிருந்தபோதுதான் ஞாபகம் வந்தது, சுத்தம் செய்யக் கற்றுக்கொண்டதே இரண்டாயிரத்து எட்டுக்குப் பிறகு. அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் அப்படியே அழுக்கோடு பழைய மெஷினில் இருந்தது. மெஷினை எடைக்குப் போட்டபோது டிஸ்கை மட்டும் கழற்றிப் பழைய வேட்டியில் சுற்றிப் பரணில் போட்டேன். ஏணி போட்டு ஏறினேன். ஏணியைப் புனிதா பிடித்துக்கொண்டாள்.

"சுத்துது சார்!" கடையின் பின்பக்கத்திலிருந்து கிளமென்ட் குரல் கொடுக்கிறார். எழுந்து போகிறேன். மூடி கழற்றிய ஒரு மெஷின், அகலமான பட்டை ஒயர், அதன் முனையில் என் டிஸ்க். காதைக் கிட்டே கொண்டுபோகிறேன். லேசான ரீங்காரம். நல்ல சத்தம்தான், தட்டல் இல்லை, உரசல் இல்லை. ஆனால் திரையில் டிஸ்க் இருக்கும் அடையாளமே இல்லை. கிளமென்ட் நிறுத்துகிறார், மறுபடி போடுகிறார். இல்லை. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு டிஸ்கின் பின்பக்கத்தைப் பார்க்கிறார். "அட, ஜம்பர் இல்லயே சார் இதுல." ஜம்பர். ஆமாம். அந்தக் காலத்து டிஸ்கில் பின்னுக்குப் பக்கத்தில் செருகும் கறுப்புத் துண்டு, அரிசி அளவுதான் இருக்கும். ஒரே ஒயரில் இரண்டு டிஸ்க் மாட்டினால் எது முதல், எது இரண்டாவது என்று அந்தத் துண்டுதான் சொல்லும். "இது இல்லன்னா, நான் ரெண்டாவது ஆளுன்னு நெனச்சிக்கும் சார் இந்த மாடலு. மொத ஆளு வந்து பேசட்டும்னு சும்மா உக்காந்திருக்கும்." இழுப்பறைகளைத் திறந்து குடைகிறார். ஸ்குரூ, பேட்டரி, உடைந்த ஃபேன் இறக்கை. "முன்னல்லாம் கை நெறய கெடக்கும் சார், கூட்டித் தள்ளுவோம். இப்ப ஒண்ணுகூட காணோம் பாருங்க. இருங்க, கீழ செல்வம் கடைல கேட்டு வரேன்." படியிறங்கிப் போய்விடுகிறார். நான் அந்த டிஸ்கோடு தனியாக நிற்கிறேன். அது சுற்றிக்கொண்டே இருக்கிறது. முதல் ஆள் பேசட்டும் என்று.

அந்தத் துண்டு எப்போது தொலைந்தது என்று எனக்குத் தெரியும். பழைய மெஷினின் கடைசி வாரம். டிஸ்கை மாற்றி மாட்ட அதைப் பிடுங்கினேன், விரலிலிருந்து துள்ளி எங்கோ விழுந்தது. மண்டி போட்டுத் தேடினேன். கிடைக்கவில்லை. புனிதா அப்போதுதான் கூட்டி முடித்திருந்தாள். கத்தினேன். கூட்டும்போது கண்ணு எங்க இருந்துச்சு, என் பொருள் எது மேலயும் உனக்கு அக்கறை கிடையாது, இன்னும் என்னவெல்லாமோ. அவள் குப்பைக்கூடையைக் காகிதத்தில் கொட்டி விரலால் கிளறிக் கிளறிப் பார்த்தாள், முடி, தூசு, உதிர்ந்த கனகாம்பரம். நான் விறைத்துக்கொண்டு போய்ப் புது மெஷினுக்குச் சொல்லிவிட்டு வந்தேன். ஒரு அரிசி அளவு பிளாஸ்டிக்குக்காகப் பெண்டாட்டியைக் குப்பை கிளற வைத்த மனுஷன் நான்தான். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து, பால்கனியில் முருங்கை மரத்துத் தையல்சிட்டைப் பதிவு செய்துகொண்டிருந்தேன், அவள் கையை மூடிக்கொண்டு சிரித்த முகத்தோடு ஓடி வந்தாள். "என்னங்க" என்று ஆரம்பித்தாள். நான் திரும்பாமலே விரலை உயர்த்தினேன். அவள் நின்றாள். கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே போய்விட்டாள். என்ன சொல்ல வந்தாய் என்று நான் கேட்டேனா? கேட்டதாக நினைவில்லை. கேட்டிருக்க மாட்டேன். தையல்சிட்டு நன்றாக விழுந்திருந்தது, அதை ஏற்றிச் சுத்தம் செய்யப் போயிருப்பேன். இன்று காலையும் அப்படித்தான், பையை எடுத்துக்கொண்டு செருப்பு மாட்டும்போது வந்து இந்த மடிப்பைச் சட்டைப்பையில் வைத்து, "என்னங்க, இது அந்த..." என்று காற்றுக் குரலில் ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். நான் பதறிப்போய், "பேசாத புனிதா, தொண்டை வலிக்கும், சாயந்திரம் சொல்லு," என்றேன். அன்பாகத்தான் சொன்னேன். வார்த்தை அதே வார்த்தைதான். அவள் வாயை மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள்.

விபூதிக்குக் கொஞ்சம் கனமாக இருக்கிறது. சட்டைப்பைக்கு மேலேயே தொட்டுப் பார்க்கிறேன், கெட்டியாக ஒன்று நெருடுகிறது. காலண்டர் தாளில் மடித்திருக்கிறாள். மடிப்புக்குள் இன்னொரு மடிப்பு. பிரிக்கிறேன். மஞ்சள் குங்கும வாசனை வருகிறது, பொட்டுப் பெட்டியில் இருந்திருக்க வேண்டும். உள்ளங்கையில் விழுகிறது, கறுப்பாக, அரிசி அளவில். பதினாறு வருஷம். மூன்று வீடு மாறினோம். இத்தனை நாளும் அவள் இதை எதற்கு என்று தெரியாமலே வைத்திருந்திருக்கிறாள், என்னுடையது என்பதற்காக மட்டும். எனக்குக் கண் கலங்குகிறது. ரிச்சி தெருவில் பட்டப்பகலில் ஒரு கிழவன் கையில் ஜம்பரை வைத்துக்கொண்டு அழுகிறான், யாராவது பார்த்தால் வாரண்டி முடிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார்கள். படியில் சத்தம் கேட்கிறது. கிளமென்ட் மூச்சிரைக்க வருகிறார். "செல்வம்ட்டயும் இல்ல சார், சாயங்காலம் கோடவுன்லேர்ந்து..." கையை நீட்டிக் காட்டுகிறேன். என் முகத்தைப் பார்க்கிறார், கையைப் பார்க்கிறார், எதுவும் கேட்காமல் எடுத்துக்கொள்கிறார். நல்ல மனுஷர். மெஷினை நிறுத்தி, சின்ன இடுக்கியால் அதைப் பிடித்து, பின்னில் வைத்து நகத்தால் அழுத்துகிறார். மறுபடி போடுகிறார். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து ஓடுகிறது. வருஷம் வருஷமாகப் பெட்டிகள் திறக்கின்றன. நான் ஒன்றைக் காட்டுகிறேன். நன்மங்கலம், இரண்டாயிரத்து ஐந்து, நவம்பர், ஆறுமணிக்குருவி.

கடையின் சின்ன ஸ்பீக்கரில் முதலில் வெறும் இரைச்சல். தூரத்தில் கல்குவாரி லாரி. இலை மிதிபடும் சத்தம். பிறகு குருவி, இரண்டு தட்டு, தெளிவாக, கிட்டத்தில். இன்னொரு தடவை. வளையல் சத்தம். அப்புறம் என் காதுக்குப் பக்கத்திலேயே, கொஞ்சம் சிரிப்போடு, ஒரு கீறல்கூட இல்லாமல், "என்னங்க, அது நம்மளப் பாத்துட்டுதாங்க கத்துது. உங்க வழுக்கையத்தான் பாக்குது. பாருங்களேன்." இதுதான். இந்தக் குரல்தான். கடைசி எழுத்தை லேசாக இழுப்பாள், மறந்தே போயிருந்தேன், பாருங்களே என்று தொடங்கி அந்த ன்னில் ஒரு சின்ன ஊஞ்சல். அதற்கு மேல் கேட்க வழியில்லை. உடனே இன்னொரு சத்தம், அறைகிற மாதிரி, "ஷ்ஷ்." நான். அதற்குப் பிறகு குருவி மட்டும் ஆறு நிமிஷம். கிளமென்ட் உதவி செய்யும் ஆர்வத்தில், "நல்லா இருக்கு சார் குருவி கொரலு. நடுவுல யாரோ பேசறாங்க, அத நாய்ஸ்னு செலக்ட் பண்ணி எடுத்துரலாம், எங்கிட்ட சாஃப்ட்வேர் இருக்கு," என்கிறார். "கிளமென்ட்," என்கிறேன், "அந்தக் குருவிய எடுக்க முடியுமா?" அவர் விழிக்கிறார்.

போன் அடிக்கிறது. புனிதா. எடுத்துக் காதில் வைக்கிறேன், பேச வரவில்லை. "என்னங்க," என்கிறாள் காற்றுக் குரலில். இதுவும் அவள்தான். வெள்ளிக்கிழமை வரைக்கும் இது, அப்புறம் வரப்போவதும் அவள்தான். "அது ஓடுச்சா? ஹலோ? கேக்குதா? ...சத்தமா இருக்கு போல. சரி, வெச்சிடறேன், தொண்டைக்கு ஆகாதும்பீங்க."

"வெக்காத புனிதா. கேக்குது. பேசு."

"என்னத்தப் பேச?"

"அன்னிக்குப் பால்கனிக்கு ஓடி வந்தியே, கைய மூடிக்கிட்டு. நான் தையல்சிட்டு ரெக்கார்ட் பண்ணிட்டிருந்தேன். என்ன சொல்ல வந்த?"

"அய்ய, அதெல்லாமா ஞாபகம் வெச்சிருக்கீங்க," என்கிறாள். இடது புருவம் ஏறியிருக்கும். "அது என்னாச்சுன்னா, கிரைண்டருக்கு அடியில ஒட்டடை அடிச்சிட்டிருந்தனா..." சொல்ல ஆரம்பிக்கிறாள், மெதுவாக, நடுநடுவே நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டு. கிளமென்ட் இரண்டு புது டிஸ்கையும் கையில் எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார், எதில் காப்பி போட வேண்டும் என்று கேட்க வாயைத் திறக்கிறார். நான் திரும்பாமலே விரலை உயர்த்துகிறேன்.